முதலில் நெற்றியில் சிலுவை, அப்புறம் ரேங்க் கார்டு

ராமேஸ்வரம் தீவில் விடிவதற்குள் எல்லாவற்றுக்கும் விலை போட்டுவிடுவார்கள். விசைப்படகு கரைக்கு வந்ததும் இறாலைக் கொட்டிப் பிரித்து, கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று பார்ப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் இறால் பெரிசு, விலை ஏறும். கூடினால் இறங்கும். நண்டில் கால் ஒடிந்தது தனி, சதை இல்லாதது தனி. எந்தக் கூடையிலும் சேராத பொடிமீன், நசுங்கியது, பேர் தெரியாதது எல்லாம் சங்காயம். மொத்தமாக அள்ளி மீன்மாவுக்கு அனுப்பிவிடுவார்கள். தொழில் என்றால் அப்படித்தான் பிரிக்க முடியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே கண்ணோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கும்போதுதான் சிக்கல். "அக்காவுக்கு வர்ற படிப்பு இவளுக்கு வரல", "இவன் தம்பிய விட நோஞ்சான்", "மூத்தவன் சூட்டிகை, இது சும்மா". எங்கள் தெருவில் ஒரு தகப்பன் ரேங்க் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ சங்காயத்துக்குக்கூட ஆக மாட்ட" என்று மகனைத் திட்டியதைக் காதால் கேட்டேன். பையனுக்கு எட்டு வயது இருக்கும். சங்காயம் என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் இதே தீவில் தங்கச்சிமடம் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. மகள் நாலாவது படிக்கிறாள், மகன் இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம் எங்கள் பங்குக் கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாட வகுப்பு, எடுக்கிறேன். பிள்ளைகள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை வீட்டை விட அந்த வகுப்பில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பதில் தெரிந்தும் வாயைத் திறக்காத பிள்ளை இருக்கும். படம் வரைந்து முடித்ததும் யாரும் பார்ப்பதற்குள் கசக்கிவிடும் பிள்ளை இருக்கும். "நான் மக்கு டீச்சர்" என்று தானே சொல்லிச் சிரிக்கிற பிள்ளையும் இருக்கும். இந்தக் கடைசிப் பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்கு அதிகக் கவலை. அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்று அது கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

பிள்ளைக்குத் தன்மதிப்பு வளர்ப்பது எப்படி என்று போனில் வருகிற அறிவுரைகள் பெரும்பாலும் பாராட்டச் சொல்கின்றன. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பாராட்டு ஏதாவது செய்த பிறகு வருவது. ஒன்றும் செய்யாத நாளில், செய்து சொதப்பிய நாளில் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இயேசு திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று மன்றாடிக்கொண்டிருக்கும்போது வானத்திலிருந்து குரல் கேட்கிறது: நீ என் அன்பு மகன், உன்னில் நான் பூரிப்படைகிறேன் என்கிற பொருளில். அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. ஒரு நோயாளியைக் குணமாக்கியதாகவோ ஊர் ஊராகப் போதித்ததாகவோ அதுவரைக்கும் லூக்கா எழுதவில்லை. வேலை எல்லாம் இனிமேல்தான். தகப்பன் முதலிலேயே சொல்லிவிடுகிறார். இந்த வரிசையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்பது என் கட்சி.

எப்படிக் கொண்டுவருவது? எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பழக்கம் வைத்திருக்கிறோம். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது கோவில் வாசலில் சாமியார் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவார், பிறகு பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் வரையச் சொல்வார். பெரும்பாலான வீடுகளில் அன்றைக்கு வரைந்ததோடு சரி. நாங்கள் அதைத் தினமும் செய்கிறோம். பள்ளிக்கூடம் கிளம்பும்போது கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை, கூடவே பிள்ளையின் முழுப் பெயர், அப்புறம் "நீ எங்க புள்ள, ஆண்டவரோட புள்ள". அவ்வளவுதான். "நல்லாப் படி", "சண்டை போடாத" எதையும் அதோடு ஒட்டுவதில்லை. ஒட்டினால் அதுவும் கட்டளையாகிவிடும். புத்தி சொல்ல வேண்டியது இருந்தால் ஷூ மாட்டும்போது சொல்லிக்கொள்ளலாம். நேரமா இல்லை?

ரேங்க் கார்டு வருகிற நாளில் வரிசை ரொம்ப முக்கியம். பையிலிருந்து கார்டை எடுப்பதற்கு முன்னாலேயே நெற்றியில் சிலுவை. பார்த்துவிட்டுப் போட்டால் மார்க்குக்குக் கிடைத்த முத்தமாகத்தான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். குறைந்த மார்க்குக்குப் போட்டால் ஆறுதல் பரிசு. இப்போதெல்லாம் மகன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையை நீட்டுகிறான், "மொதல்ல இதப் போடு, அப்புறம் பாரு". கணக்கில் கையெழுத்துப் போட வேண்டிய நிலைமை என்றால் இன்னும் வேகமாக நீட்டுவான். விவரமானவன். அப்புறம் உட்கார்ந்து எந்தக் கணக்கில் விட்டான் என்று பார்ப்போம். திட்டும் உண்டு. கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் எது மேலே எது கீழே என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்து வைத்திருக்கிறான் என்றால் அதைத்தான் சொல்வேன். "உனக்கு எப்பவுமே கணக்கு வராது" என்று சொல்ல மாட்டேன். முதலாவது தாளில் நடந்த தப்பு, இரண்டாவது பிள்ளை மேல் ஒட்டுகிற சீட்டு.

அடுத்து ஒரு பெரிய விஷயம். கிறிஸ்தவ வீடுகளில் தன்மதிப்பை வளர்ப்பதும் நாம்தான், நறுக்குவதும் நாம்தான். சாமி பேரைச் சொல்லியே நறுக்குவோம். "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்." இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இந்தக் கரையில் இருக்காது என்று நினைக்கிறேன். நம் ஊரில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் இதே மிரட்டல்தான். ஆனால் நம் வீடுகளில் இன்னொன்று இருக்கிறது: நடு வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படம், கீழே சிவப்பு பல்பு. படத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்ப்பார்.

வேளாங்கண்ணி நேர்ச்சைக்கென்று ஒரு டப்பாவில் காசு போட்டு வருவோம். அதிலிருந்து என் மகள் ஒருநாள் பத்து ரூபாய் எடுத்து ஐஸ் வாங்கித் தின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வழக்கமாக நடு வீட்டில் சாப்பிடுகிறவள் தட்டைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மறுநாள் அடுப்படிக்கே போய்விட்டாள். ராத்திரி செபத்துக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி. என்னத்தா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும், "அந்தக் கண்ணு என்னையே பாக்குதும்மா" என்று அழுதாள். அப்புறம் ஐஸ் கதை வந்தது. ஐஸ் வாங்கினதை யாரோ மாமியிடம், அதாவது வீட்டுக்காரரின் அம்மாவிடம், சொல்லியிருக்கிறார்கள். காசு ஏது என்று மாமி கேட்டதற்கு இவள் முழித்திருக்கிறாள். மாமி வழக்கமான வசனத்தைச் சொல்லியிருக்கிறார்.

பத்து ரூபாய் போனது சின்ன விஷயம். தப்பு செய்தவுடன் ஒளிய வேண்டிய ஆள் கடவுள் என்று பிள்ளை முடிவு செய்துவிட்டதுதான் பெரிய விஷயம். ஆதாமும் அதைத்தான் செய்தான், மரத்துக்குப் பின்னால். அன்றைக்கு அவளுக்குச் சக்கேயு கதையைச் சொன்னேன். ஊரை ஏய்த்துச் சம்பாதித்த குள்ளமான ஆள், மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்கிறார். அதற்கு அப்புறம்தான் சக்கேயு வாய் திறக்கிறான், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று. இங்கேயும் வரிசையைக் கவனியுங்கள்.

மகள் கவனித்தது வேறு. "நாலு மடங்கு இயேசு கேட்டதா, அவரா சொன்னதா?"

"அவரா சொன்னது."

"அப்ப நான் ரெண்டு மடங்கு தாரேன்."

சரி என்று விட்டேன். இருபது ரூபாய்க்கு வழி வேண்டுமே. மாமி மொட்டை மாடியில் கருவாடு காயப்போடுவார். அதைப் புரட்டிப் போடவும், காக்காய் விரட்டவும் தினம் சாயங்காலம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கூலி வாங்கி டப்பாவில் போட்டாள். கடைசிக் காசைப் போட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். தப்பைச் சரிசெய்ய ஒரு வேலையைக் கொடுப்பது திட்டுவதை விடப் பலன் தருகிறது. பிள்ளைக்கும் கணக்குத் தீர்ந்த நிம்மதி. ஆனால் அந்த வேலை பிள்ளையால் முடிக்கக்கூடியதாக, முடிந்தது என்று தெரியக்கூடியதாக இருக்க வேண்டும். "இனிமே ஒழுங்கா இருக்கணும்" என்பது முடியவே முடியாத வேலை.

மாமிக்கு இதில் உடன்பாடு இல்லை. "பயம் இல்லாம எப்படிப் புள்ள வளரும்?" என்பார். அவரையும் சும்மா தள்ளிவிட முடியாது. அவருடைய தகப்பனார் தனுஷ்கோடியில் இருந்தவர், 1964 டிசம்பர் புயலில் ஊரே கடலுக்குள் போன ராத்திரியில் தப்பி வந்தவர். பயந்து நடந்தால்தான் உயிரோடு இருக்கலாம் என்பது அந்த வீட்டில் வெறும் பேச்சாக இருந்திருக்காது. அதனால் மாமியிடம் வாதாடுவதை விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: கடலைச் சொல்லிப் பயமுறுத்துங்கள், கரண்டைச் சொல்லிப் பயமுறுத்துங்கள், சாமியை மட்டும் விட்டுவிடுங்கள். அவரும் முக்கால்வாசி கடைப்பிடிக்கிறார். மீதிக் காலுக்கு, பிள்ளைகளே "அப்பத்தா, அது அப்படி இல்ல" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இனி மீன் நாற்றம். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றது எல்லாம் முந்திக்கொண்டது.

போன வருடம் மகன் காலையில் பாத்ரூமில் நிறைய நேரம் எடுக்க ஆரம்பித்தான். எட்டிப் பார்த்தால் துணி சோப்பை வைத்துக் கையை முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருக்கிறான். தோல் சிவந்து வெடித்திருந்தது. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். நாலைந்து நாள் கழித்து அவன் அக்கா சொல்லித்தான் தெரியும்: வகுப்பில் இவன் பக்கத்தில் உட்காரச் சொன்னால் பையன்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். டீச்சரும் ஒருதடவை சிரித்துக்கொண்டே, "குளிச்சிட்டு வாடா" என்றிருக்கிறார்.

இதற்கு நம் வீடுகளில் இரண்டு பதில் தயாராக இருக்கிறது. ஒன்று, "யார்றா சொன்னது, நீ நல்லாத்தான் இருக்க". பிள்ளைக்கு மூக்கு இருக்கிறது, நம்பாது. இரண்டாவது, "நீ படிச்சுப் பெரிய ஆளாகி இந்த நாத்தத்த விட்டுத் தப்பிச்சுப் போயிரு". இது முதலாவதை விட மோசம். தகப்பன் மேல் அடிக்கிற வாடை கேவலம் என்று மூக்கைப் பொத்திய பையனுடைய கட்சியில் நாமும் சேர்ந்துகொள்கிறோம். கடலோரத்துத் தகப்பன்மார் மகனிடம் அதிகம் சொல்கிற வார்த்தை எதுவென்று என்னைக் கேட்டால், "என்னைய மாதிரி கடல்ல கெடந்து சாகாத" என்பதைத்தான் சொல்வேன். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்பாவைப் போல ஆகக் கூடாது என்றால் அப்பா ஒன்றுக்கும் உதவாதவர், அவருக்குப் பிறந்த நான் மட்டும் எப்படி உசத்தி என்றுதான் அந்த வயதுப் பிள்ளை கூட்டிக் கழித்துக்கொள்ளும். படிக்க வைக்க ஆசை இருந்தால் "நீ ஆசைப்பட்டத படி, எங்களுக்குச் சந்தோசம்" என்று சொன்னால் போதும். தொழிலைத் திட்டித்தான் படிப்பை உயர்த்த வேண்டும் என்று யார் சொன்னது?

நான் அவனிடம் நாற்றம் அடிக்கிறது என்றே ஒத்துக்கொண்டேன். "அடிக்கும்டா. அப்பா மேல அடிக்குது, அப்பத்தா மேல அடிக்குது, எம்மேலயும் அடிக்குது. மீன் பிடிச்சா மீன் வாடதான் அடிக்கும்." கொஞ்ச நேரம் யோசித்தான். "பேதுரு மேலயும் அடிச்சிருக்குமா?" என்று கேட்டான். "பின்ன?" என்றேன். மத்தேயு நாலாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். இயேசு முதலில் கூப்பிட்ட நாலு பேரும் வலைக்காரர்கள். பேதுருவும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருந்தார்கள், யாக்கோபும் யோவானும் படகில் தகப்பனோடு உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்கு எழுதினதில் அந்தப் படகில் கூலியாட்களும் இருந்தார்கள் என்று வருகிறது. அது என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்த வரி. "பாத்தியா, நம்மளயும் எழுதி வச்சிருக்காங்க" என்றார். குளித்துவிட்டு வாருங்கள் என்று இயேசு அவர்களிடம் சொன்னதாக ஒரு வரியும் இல்லை என்று மகனே கண்டுபிடித்தான். குளிக்காமல் போகலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை என்பதை நான் உடனே சொல்ல வேண்டியிருந்தது.

விவிலியத்தோடு விஷயத்தை முடித்துக்கொள்ளக் கூடாது. துணி சோப்பை ஒளித்து வைத்தேன், வெடித்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன். யூனிபார்மை வலையும் மீனும் இருக்கிற கொடியில் போடாமல் தனியாகக் காயவைத்தேன். அவ்வளவிலேயே வாடை பாதி போய்விட்டது. இரண்டு பேருமாகப் பள்ளிக்கூடத்துக்கும் போனோம். வீட்டுக்காரர் வருவதுதான் முக்கியம் என்று பிடிவாதமாகக் கூட்டிப்போனேன், மகன் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. சண்டை போடவில்லை. "டீச்சர், நீங்க சிரிச்சா கிளாசே சிரிக்கும்" என்று மட்டும் சொன்னோம். அந்த அம்மா முகம் மாறியது, வருத்தப்பட்டார்கள். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள் என்பதால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. பேசிப் பார்த்தும் நிற்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யலாம், இலவசம்.

கையைத் தேய்ப்பது அதோடு ஒரேயடியாக நின்றுவிடவில்லை. மூக்கைப் பொத்துகிற பையன்களும் மாறிவிடவில்லை. மாறியது ஒன்றுதான்: இப்போது நடந்தால் வீட்டில் வந்து சொல்கிறான்.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளிக்கூடமோ ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிடும். கையில் காசு சுத்தமாகத் தீர்ந்த நேரத்தில் ஃபீஸ், நோட்டு, யூனிபார்ம், ஷூ எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அரசு நிவாரணம் வந்தால் பழைய கடனுக்கே போய்விடும். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்கும் என்பதால் சிலர் மே கடைசி வரை கேரளாப் பக்கம் போய்ச் சம்பாதித்து வருவார்கள். என் வீட்டுக்காரரும் போயிருக்கிறார். அந்த இரண்டு மாதம்தான் வீடுகளில் "ஒனக்கு அழுதே நான் ஒழிஞ்சேன்" என்கிற பேச்சு அதிகம் கேட்கும். பிள்ளை தான் ஒரு செலவு என்று கற்றுக்கொள்கிற பருவம் அது. இல்லை என்பதை மறைக்கவும் வேண்டாம், பிள்ளை மேல் ஏற்றவும் வேண்டாம். "தடைக்காலம், அப்பாவுக்கு வேல இல்ல, புது ஷூ ஆடிக்கு அப்புறம்" என்றால் பிள்ளைக்கு விளங்கும். காரணம் கடலில் இருக்கிறது, தன்னிடம் இல்லை என்பதும் சேர்ந்தே விளங்கும்.

படகு பிடிபட்டு அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிற பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைச் சுற்றிப் பெரியவர்கள் எல்லாரும் "ஐயோ பாவம்" என்று கன்னத்தைத் தடவுவார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள், "ஒங்கப்பா ஜெயில்ல" என்பார்கள். இரண்டுமே பிள்ளையைச் சுருக்கிவிடுகின்றன. வகுப்பில் நான் செய்வது இதுதான்: விசுவாசிகள் மன்றாட்டில் அந்த அப்பாவின் பெயரைச் சொல்லிச் செபிப்போம். எல்லைக்கோடு என்றால் என்ன, படகை எப்படிப் பிடிக்கிறார்கள், திருடியவர் போகிற ஜெயிலும் இதுவும் ஏன் வேறு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒருதடவை விளக்கிவிடுவேன். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு வழக்கமான வேலைதான். மெழுகுவர்த்தி ஏற்றுவது, பாட்டுப் புத்தகம் கொடுப்பது, பாய் மடிப்பது. தப்புச் செய்தால் மற்றவர்களுக்குக் கிடைக்கிற அதட்டல் அதற்கும் கிடைக்கும். சலுகை கொடுத்தால், தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அது நினைக்கும்.

வேலை கொடுப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஐயாயிரம் பேருக்கு உணவு கொடுத்த கதையில் ஒரு சிறுவனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் இருக்கின்றன என்று அந்திரேயா சொல்கிறார். சொல்லிவிட்டு, இவ்வளவு பேருக்கு இது எம்மாத்திரம் என்று இழுக்கவும் செய்கிறார். வீட்டில் நாம் எல்லாரும் அந்திரேயாதான். ஐந்து வயதுப் பிள்ளை குடம் தூக்க வந்தால், "போ போ, கொட்டிருவ". சின்னச் செம்பு ஒன்று கொடுத்தால் தீர்ந்தது. கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம்.

"இப்படியெல்லாம் செல்லம் கொடுத்தா புள்ள கெட்டுப் போகாதா, பிரம்பைக் கையாளாதவன் மகனை வெறுக்கிறான்னு நீதிமொழியே சொல்லுதே" என்று என் கொழுந்தன் ஒவ்வொரு தடவையும் கேட்பார். விவிலியம் பிரம்போடு முடிந்துவிடுவதில்லை. பிள்ளைகளுக்கு எரிச்சல் ஊட்டாதீர்கள், மனம் தளர்ந்துபோவார்கள் என்று பவுல் கொலோசையருக்கு எழுதியதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. ஆயனின் கோல் என்னைத் தேற்றும் என்று 23ஆம் திருப்பாடலும் சொல்கிறது. ஆட்டை அடிக்கிற கோல் எப்படித் தேற்றும் என்று கொழுந்தனிடம் கேட்டால், "அது வேற கோலு" என்கிறார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்குள் யாரும் பிள்ளையைக் கைநீட்டி அடிக்கக் கூடாது என்பதை மட்டும் அவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக நிறம். கடற்காற்றிலும் வெயிலிலும் நம் பிள்ளைகள் கறுத்துத்தான் இருப்பார்கள். "கறுவாச்சி", "அட்டக்கறுப்பு" என்று ஆசையாகக் கூப்பிடுவதாக நினைத்துக் கூப்பிடுகிறோம். திருவிழாவுக்குக் கிளப்பும்போது கழுத்து வரை பவுடர். இதில் உச்சம் கிறிஸ்துமஸ் நாடகம். மாதா வேடத்துக்கு எந்தப் பிள்ளை என்று யாரும் பேசியே முடிவு செய்ய வேண்டியதில்லை. வகுப்பில் இருக்கிறதில் சிவப்பான பிள்ளை எதுவோ அது. வானதூதர்கள் அதற்கு அடுத்த நிறம். மற்றவர்கள் இடையர், ஆடு, ஒட்டகம். நாசரேத்து வெயிலில் தண்ணீர் சுமந்த பெண் எந்த நிறத்தில் இருந்திருப்பாள் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. மாதாவாகத் தகுதி இல்லை என்று வருடா வருடம் மேடை போட்டுச் சொல்லிவிட்டு, கடவுளின் சாயலில் படைக்கப்பட்டாய் என்று வகுப்பில் பாடம் எடுத்தால் பிள்ளை எதை நம்பும்?

அதனால் போன கிறிஸ்துமஸுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவையே சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள், திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில் இருக்கிறது என்று காட்டியதும் பங்குச்சாமி சிரித்துவிட்டுச் சரி என்றார். இரண்டு தாய்மார் மட்டும் கோபித்துக்கொண்டார்கள். சீட்டு, எப்போதும் பின்வரிசையில் உட்காருகிற ஒரு பெண்ணுக்கு விழுந்தது. நாடகத்தன்று தங்க இடம் கேட்டுச் சத்திரக்காரனிடம் சொல்ல வேண்டிய வசனம் அவளுக்கு மறந்துவிட்டது. கொஞ்சமும் அசராமல் மாதாவின் கணவர் சூசையப்பராக நின்றவன் பக்கம் திரும்பி, மைக்கிலேயே, "எனக்கு மறந்துருச்சு, நீயே கேளு" என்றாள். கோவிலே சிரித்தது, அவளும் சிரித்தாள். சூசையப்பர் கேட்டார், சத்திரக்காரன் கதவைச் சாத்தினான், நாடகம் நடந்தது.

வேடத்தைக் கழற்றும்போது அவள் என்னிடம் கேட்டது: "அடுத்த வருசமும் சீட்டுத்தானே டீச்சர்? எனக்கு ஒட்டகம் வேணும்." சீட்டுத்தான் என்று சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு தாய்மாரிடம் இனிமேல்தான் பேச வேண்டும்.